காந்தாரி அழாத படுகளம்

ரோம் நகருக்குச் சட்டம் படிக்கப் போன அலிப்பியுஸ் என்ற இளைஞனுக்கு, வாள்வீரர்கள் ஒருவரையொருவர் வெட்டிச் சாய்க்கும் விளையாட்டு அறவே பிடிக்காது. ஒருநாள் விருந்து முடித்து வந்த நண்பர்கள் அவனை வலுக்கட்டாயமாக அரங்கத்துக்கு இழுத்துப் போனார்கள். உடம்பைத்தான் உட்கார வைக்கலாம், மனத்தை முடியாது என்று சொல்லிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டான். ஒரு வீரன் விழுந்தான். கூட்டம் ஓவென்று இரைந்தது. என்னவென்று பார்த்துவிட்டு வெறுத்து ஒதுக்கிவிடலாம் என்று கண்ணைத் திறந்தவனால் பிறகு மூட முடியவில்லை. அவனும் கத்தினான், வெறிகொண்டான். பின்னாளில் பிறரையும் கூட்டிக்கொண்டு போகிற ஆளாகவே மாறிப்போனான்.

இதை எழுதி வைத்தவர் அவனுடைய நண்பர் புனித அகுஸ்தினார். நான்காம் நூற்றாண்டின் கடைசியில், தன் வாழ்வையே கடவுளிடம் ஒப்புவித்து எழுதிய நூலில். அலிப்பியுஸால் அந்தக் காட்சியைத் தாங்க முடிந்துவிட்டதே, அதுதான் அகுஸ்தினாரை உலுக்கியது. களத்தில் விழுந்தவனின் உடம்பில் பட்ட காயத்தைவிடப் பார்த்தவனின் ஆன்மாவில் பட்ட காயம் பெரிது என்கிறார்.

திரையரங்கில் பாதிப் படத்தில் எழுந்து போகிறவரை இன்றைக்குக் கேலி செய்வது எளிது. “இதைக்கூடப் பார்க்க முடியாதா?” என்று பக்கத்து இருக்கைக்காரர் கேட்கிறார். 2002-ல் கான் திரைப்பட விழாவில் காஸ்பர் நோயேயின் ‘இர்ரிவர்சிபிள்’ திரையிடப்பட்டபோது 200-க்கும் மேற்பட்டோர் வெளியேறியதாகவும், மயங்கியவர்களுக்குத் தீயணைப்பு வீரர்கள் பிராணவாயு கொடுத்ததாகவும் செய்திகள் வந்தன. 2018-ல் அதே விழாவில் லார்ஸ் வான் ட்ரியரின் படத்திலிருந்து நூறு பேருக்கு மேல் எழுந்து போனார்கள். மிச்சமிருந்தவர்கள் படம் முடிந்ததும் நின்று கைதட்டினார்கள். ஒரே கூடம், ஒரே படம். எழுந்தவர்களின் மனம் இருந்தவர்களின் மனத்தைவிட மெலிந்தது என்று எதை வைத்துச் சொல்வது? மைக்கேல் ஹானகே தன் ‘ஃபன்னி கேம்ஸ்’ படத்தைப் பற்றிப் பேசும்போது, பாதியில் போகிறவருக்கு இந்தப் படம் தேவைப்படவில்லை, கடைசிவரை இருப்பவருக்கே தேவைப்படுகிறது என்ற பொருளில் சொன்னார். வன்முறையை ரசிக்கும் பார்வையாளரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவே எடுத்த படம் அது. அதன் கொடுமைகளில் பெரும்பகுதி சட்டகத்துக்கு வெளியேதான் நடக்கிறது.

கொலையை அரங்கில் காட்டுவது தமிழ் மண்ணுக்குப் புதிதல்ல. வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் திருவிழாவின் இறுதியில் படுகளம் நடக்கும். களிமண்ணில் செய்த துரியோதனன், ஆள் உயரத்தைப் போலப் பல மடங்கு நீளத்தில், தரையில் மல்லாந்து கிடப்பான். பீமன் வேடம் கட்டியவர் தொடையில் அடிக்கிறார். செந்நீர் வழிகிறது. திரௌபதி விரித்த கூந்தலை முடிகிறாள். இவ்வளவும் ஊர்க் கண் முன்னால், குழந்தைகள் முன்னால் நடக்கிறது. ஆனால் பல ஊர்களில் கூத்து அத்தோடு நிற்பதில்லை. காந்தாரி வருகிறாள். பெற்ற மகன் பிணமாய்க் கிடக்கிறான் என்று மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைக்கிறாள். சற்றுமுன் பீமனுக்காக ஆரவாரித்த அதே கூட்டம் அதையும் கேட்கிறது. விழுந்தவன் கொடியவன்தான். அவனுக்கும் ஒரு தாய் உண்டு என்பதைக் கூத்து விட்டுவிடவில்லை.

சினிமாவில் கதாநாயகன் ஒரே சண்டையில் நாற்பது பேரை வெட்டுகிறான். அவர்களில் ஒருவனுக்கும் பெயர் இல்லை, வீடு இல்லை. வெட்டு விழும் நேரத்தில் படம் மெதுவாகிறது, இசை ஏறுகிறது, விசில் பறக்கிறது. ரத்தம் எத்தனை லிட்டர் என்பதைவிட, அந்த வலி யாருக்காவது சொந்தமானதா என்பதே பெரிய கேள்வி. யாருக்கும் சொந்தமில்லாத வலியை ரசிக்கச் சொல்லும் படத்திலிருந்து எழுந்து போகிறவர் செய்வது சரி. அதற்கு அவர் யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

பக்தியும் இந்தக் கேள்வியிலிருந்து தப்புவதில்லை. 2004-ல் சாம்பல் புதனன்று மெல் கிப்சனின் ‘தி பேஷன் ஆஃப் த கிரைஸ்ட்’ வெளிவந்தது. இயேசுவைச் சாட்டையால் அடித்ததை நற்செய்தி நூல்கள் சில சொற்களில் சொல்லி முடிக்கின்றன. படம் அதைத் தோல் கிழிவது தெரிய, நிமிடக்கணக்கில் நீட்டுகிறது. அமெரிக்காவில் பல திருச்சபைகள் அரங்குகளை மொத்தமாகப் பதிவு செய்து விசுவாசிகளை அழைத்துப் போயின. அழுதுகொண்டே முழுவதும் பார்த்தவர்கள் உண்டு, பார்க்க முடியாதவர்களும் உண்டு. மறு ஆண்டு கிப்சனே சில நிமிடக் கொடூரக் காட்சிகளை வெட்டி இன்னொரு பதிப்பை வெளியிட்டார். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் தமிழ்நாட்டு ஆலயங்களில் சிலுவைப்பாதையின் 14 நிலைகளையும் முழந்தாளிட்டுக் கடப்பவர்களுக்கு அந்த வலி புதிதல்ல. அங்கே அதைத் தியானிப்பவரே தன் வேகத்தில் நடக்கிறார். திரையில் கேமரா அவரைப் பிடித்து நிறுத்துகிறது. அந்தப் பிடியை உதறியவரின் விசுவாசம் குறைந்தது என்று சொல்வது அநியாயம்.

ஆனால் எல்லா வெளியேற்றத்தையும் இதே கணக்கில் சேர்க்க முடியாது. வெற்றிமாறனின் ‘விசாரணை’ படம் அந்தக் கணக்கைக் கடினமாக்குகிறது. ஆட்டோ ஓட்டுநரான மு. சந்திரகுமார், குண்டூரில் தான் பட்ட சித்திரவதையை ‘லாக்கப்’ என்று எழுதினார். படத்தின் முதல் பாதி அதிலிருந்து பிறந்தது. செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லி அடிக்கிறார்கள். உட்கார்ந்திருக்க முடியவில்லை. ஆனால் அடிபடுகிறவனுக்கு அங்கே பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, அடித்தவர்கள் கலைந்த பிறகும் அவன் வலி படத்தில் தொடர்கிறது. முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர் ஒரு சாட்சியத்தைக் கேட்காமல் போகிறார். இதயநோய் உள்ளவரும், அதே அடியை வாங்கியவரும் எழுந்து போகலாம். மற்றவர்கள் இருக்க முயல வேண்டும்.

இன்னொன்று, பணம். கொல்பவனுக்குப் பின்னால் வாங்குபவன் நிற்கிறான் என்பதைத் திருவள்ளுவர் புலால் மறுத்தல் அதிகாரத்தில் ஒரு வாதமாகவே வைத்தார். இடைவேளையில் வெளியேறியவரும் டிக்கெட் பணத்தைக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போனார். கல்லாவுக்கு வெளியேறியவரும் கடைசிவரை இருந்தவரும் ஒன்றே. 2025-ல் ‘கூலி’ படத்துக்கு ஏ சான்றிதழ் கிடைத்தபோது, அதை மாற்றித் தரும்படி தயாரிப்பு நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது, மனு தள்ளுபடியானது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களும் உள்ளே வர வேண்டும் என்று வணிகம் இவ்வளவு பாடுபடும்போது, வெளியேறுகிறவர் பேசாமல் வீட்டுக்குப் போய்விடுவது போதாது.

2023 டிசம்பரில் ‘அனிமல்’ படம் ஓடிக்கொண்டிருந்தபோது, வெளியேறியவர்களின் பேச்சு நாடாளுமன்றம்வரை போனது. கல்லூரியில் படிக்கும் தன் மகளும் உடன் சென்ற மாணவிகளும் பாதிப் படத்திலேயே அழுதுகொண்டு எழுந்து வந்துவிட்டார்கள் என்று காங்கிரஸ் உறுப்பினர் ரஞ்சீத் ரஞ்சன் மாநிலங்களவையில் சொன்னார். இப்படிப்பட்ட வன்முறையை எப்படி நியாயப்படுத்துகிறார்கள் என்று கேட்டார். படத்தின் வசூல் அதனால் குறைந்துவிடவில்லை. ஆனால் அந்தப் பெண்கள் அழுததை அவையில் இருந்தவர்கள் கேட்டார்கள். மறுநாள் செய்தித்தாளில் நாடும் படித்தது.