முதல் பலகை

1983 ஆம் ஆண்டு யுகோஸ்லாவியாவின் நிக்‌ஷிச் நகரில் நடந்த ஒரு செஸ் ஆட்டத்தை வருடத்துக்கு ஒரு முறையாவது பலகையில் வைத்துப் பார்ப்பேன். வெள்ளைக் காய்களுடன் 20 வயது காஸ்பரோவ். கறுப்புக் காய்களுடன் ஹங்கேரியின் லயோஷ் போர்டிஷ். அவருக்கு அப்போது வயது 46. பதினாறாவது நகர்த்தலில் போர்டிஷ் தன் குதிரையைப் பலகையின் ஓரத்துக்குக் கொண்டுபோகிறார். நடுவில் இருக்கும் வெள்ளைச் சிப்பாய் ஒன்றைக் குறிவைத்த நகர்த்தல் அது. காரணம் உள்ளது, ஒழுங்கானது. அடுத்த நகர்த்தலிலேயே காஸ்பரோவ் பக்கத்துச் சிப்பாயை முன்னே தள்ளிப் பலி கொடுக்கிறார். பிறகு ஒரு மந்திரி கறுப்பு ராஜாவின் வாசலில் வந்து விழுகிறது. இரண்டு நகர்த்தல் கழித்து அதே வாசலில் இன்னொரு மந்திரி. கோட்டையைப் பறிகொடுத்த ராஜா ஒவ்வொரு கட்டமாக இழுத்துவரப்பட்டு, எதிரி ராஜாவின் வீட்டுத் திண்ணை வரைக்கும் தனியாக வந்து நிற்கிறது. 35 ஆவது நகர்த்தலோடு ஆட்டம் முடிகிறது.

காஸ்பரோவின் மேதைமைக்குச் சாட்சியாகத்தான் எல்லோரும் இந்த ஆட்டத்தைக் காட்டுவார்கள். அதில் தவறில்லை. நான் மட்டும் கறுப்புப் பக்கம் உட்கார்ந்தே பார்க்கிறேன்.

போர்டிஷ் 1937 இல் ஸலாஎகெர்செக் என்ற ஊரில் பிறந்தவர். 1961 இல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். ஹங்கேரி சாம்பியன் பட்டத்தை ஒன்பது முறை பெற்றார். 'ஹங்கேரியின் பொட்வின்னிக்' என்று அவருக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. வீட்டில் உட்கார்ந்து செய்யும் ஆயத்தத்தை ஒரு விஞ்ஞானம் போல ஆக்கியவர் சோவியத் உலக சாம்பியன் பொட்வின்னிக். கணினி இல்லாத காலம். ஒரு தொடக்கத்தின் கிளைகளை எல்லாம் கையாலேயே நகர்த்திப் பார்த்து, தாளில் குறித்து, மறுநாள் சரிபார்த்து, தவறு இருந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். போர்டிஷ் அந்த உழைப்புக்குத் தன்னை முழுக்கக் கொடுத்தவர். ராணிப் பக்கச் சிப்பாயில் தொடங்குவார், இடத்தைப் பிடிப்பார், அவசரப்படமாட்டார். சிறிய சாதகம் கிடைத்தாலும் அதை இறுதியாட்டம் வரை பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். இறுதியாட்டங்கள் 600 ஐத் தொகுத்து, இன்னொருவருடன் சேர்ந்து ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார்.

அன்று உலகப் பட்டத்துக்குப் போகும் பாதை நீளமானது. மண்டலப் போட்டி, பிறகு மண்டலங்களுக்கு இடையிலான போட்டி, அதில் தேறும் சிலருக்கு மட்டும் கேண்டிடேட்ஸ். அதையும் வென்ற ஒருவர்தான் உலக சாம்பியனுக்கு எதிரே உட்கார முடியும். சுமார் மூன்று வருடத்துக்கு ஒரு சுற்று. 1962 முதல் 1993 வரை, ஒன்றையும் விடாமல் பன்னிரண்டு மண்டலங்களுக்கு இடையிலான போட்டிகளில் ஆடினார் போர்டிஷ். எட்டு முறை கேண்டிடேட்ஸுக்குப் போனார். எட்டு முறையும் திரும்பினார். 1965 இல் தால் வீழ்த்தினார். 1968 இல் லார்சன், ஒரே ஒரு புள்ளியில். 1974 இல் பெத்ரோசியன், அதுவும் ஒரே புள்ளியில். 1977 இல் ஸ்பாஸ்கி, 1980 இல் ஹூப்னர், 1983 இல் கோர்ச்னாய். 1985 இல் கேண்டிடேட்ஸ் பலருடன் ஆடும் போட்டியாக நடந்தது, அதிலும் மேலே போக முடியவில்லை. கடைசியாக 1989 இல் டிம்மன். அப்போது அவருக்கு வயது 51.

இந்தப் பட்டியலை மட்டும் பார்ப்பவர்களுக்கு ஒன்று கண்ணில் படாது. 1968 இல் தன்னை வீழ்த்திய லார்சனை 1977 இல் ரோட்டர்டாமில் மூன்று புள்ளி வித்தியாசத்தில் வென்றார். 1977 இல் தன்னை வீழ்த்திய ஸ்பாஸ்கியை 1980 இல் மெக்சிகோவில் தாண்டினார். 14 ஆட்டங்கள், 7-7 என்று சமம். கறுப்புக் காய்களுடன் கூடுதலாக வென்றவர் என்ற கணக்கில் போர்டிஷ் மேலே போனார். தோற்ற இடத்துக்கே திரும்பி வந்து கணக்கைத் தீர்த்த மனிதர் அவர். ஆசை விட்டுப்போனவர் அப்படி வரமாட்டார்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அவர் ஆட்டங்களைத் தொடர்ந்து பார்த்தால், நிலைமை அவர் வகுத்த ஒழுங்குக்குள் இருக்கும்வரை அவரை அசைப்பது கடினம். திடீரென்று ஒருவர் காயைத் தூக்கி எறிந்து பலகையையே கலைத்துவிட்டால், அந்தக் கலவரத்தில் அவர் கை சற்றுத் தயங்குவது எனக்குத் தெரிகிறது. 1968 இல் மொனாக்கோவில் அவருக்கு எதிராக யானைகளைப் பலி கொடுத்து ஓர் அற்புத ஆட்டத்தை வென்றவர் வேறு யாருமல்ல, பொட்வின்னிக்கே. இந்தக் குறையைப் போர்டிஷ் மாற்றிக்கொண்டிருக்க வேண்டாமா என்று இளவயதில் நினைப்பேன். பலம் ஒரு பெட்டியிலும் பலவீனம் இன்னொரு பெட்டியிலும் இருக்கிறது, வேண்டாததைத் தூக்கி வெளியே வைத்துவிடலாம் என்று நம்பிய வயது.

அந்த நம்பிக்கை என் அப்பாவைப் பார்த்து வந்தது. கலைந்ததும் அவரைப் பார்த்துத்தான்.

அக்கா கல்யாணத்துக்கு அப்பா ஒரு நோட்டுப் போட்டிருந்தார். நீளவாக்கில் இருக்கும் கணக்கு நோட்டு. எத்தனை மூட்டை அரிசி, எத்தனை அண்டா, எத்தனை ஜமுக்காளம், மாப்பிள்ளை வீட்டார் இறங்கும் பஸ்ஸுக்கு யார் போவது, மணவறைக்குப் பக்கத்தில் கைத்துண்டோடு யார் நிற்பது என்று ஆறு மாதம் எழுதினார். கல்யாணத்தன்று விடியற்காலை மூன்று மணிக்கு, அந்த மாதத்தில் வரக்கூடாத மழை வந்தது. கொல்லைப் பந்தல் ஒரு பக்கம் சரிந்து, கோட்டை அடுப்பில் தண்ணீர் புகுந்தது. அப்பா திண்ணையில் நோட்டைக் கையில் பிடித்தபடி நின்றார். ஈரம் பட்டு எழுத்தின் மை நீலமாகக் கசிந்து அவர் கட்டைவிரலில் ஒட்டியிருந்தது. சித்தப்பாதான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். எதிர்வீட்டு மாட்டுக் கொட்டகையை ஒழித்து, செங்கல்லை அடுக்கிப் புது அடுப்பு மூட்டி, ஏழு மணிக்கு இட்லி இறங்கியது. முகூர்த்தம் தப்பவில்லை. அன்று முழுக்க எல்லோர் வாயிலும் சித்தப்பா பேர்தான். எனக்குப் பதினைந்து வயது. அப்பா முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

நான்கைந்து வருடத்தில் சித்தப்பாவின் வியாபாரம் நொடித்தது. அவருடைய இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், பிறகு கல்லூரிக் கட்டணம், பதினொரு வருடம் அப்பாவின் நோட்டில் ஒரு தனிப்பத்தியாக ஓடியது. மாதம் பிறந்தால் முதல் வரியே அதுதான். ஒரு மாதமும் தவறவில்லை. எங்கள் வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசியதில்லை. பழைய நோட்டுகளைப் புரட்டும்போதுதான் எனக்கே தெரிந்தது.

ஒருநாள் கேட்டேன்: "அன்னைக்கு மழையில ஏம்ப்பா அப்படியே நின்னுட்டீங்க?"

"நோட்டுல இல்லாதது வந்துட்டா எனக்குக் கொஞ்ச நேரம் கையும் காலும் ஓடாதுப்பா. அது எனக்கே தெரியும்" என்றார்.

திண்ணையில் நின்ற அதே ஆள்தான் மாதம் தவறாமல் அந்த வரியை எழுதியவர். சித்தப்பாவின் துணிச்சலை அவருக்குள் கொண்டுவந்து வைத்தால் இந்தப் பதினொரு வருடம் எங்கே போகும் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். போர்டிஷை நான் வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கியது அதன்பிறகுதான்.

1978 ஒலிம்பியாட், புவெனஸ் ஐரிஸ். ஒலிம்பியாடில் நான்கு பேர் நான்கு பலகைகளில் ஆடுவார்கள். முதல் பலகையில் உட்காருபவருக்கு எதிரே ஒவ்வொரு நாளும் எதிரணியின் ஆகப் பலமானவர் வருவார். அங்கே ஓர் ஆள் உடையாமல் நின்றால்தான் மற்ற மூவரும் துணிந்து ஆட முடியும். ஹங்கேரிக்கு அந்த இடத்தில் போர்டிஷ். பின்னால் ரிப்லி, சாக்ஸ், அடோர்யான் போன்ற இளையவர்கள். 1952 முதல் தான் கலந்துகொண்ட ஒவ்வொரு ஒலிம்பியாடிலும் தங்கம் வாங்கிய நாடு சோவியத் யூனியன். அப்போதைய உலக சாம்பியன் கார்போவ் அந்த முறை ஆடவில்லை என்பது உண்மை. ஆனால் ஸ்பாஸ்கியும் பெத்ரோசியனும், கேண்டிடேட்ஸில் போர்டிஷை வீட்டுக்கு அனுப்பிய அதே இருவரும், அந்த அணியில் இருந்தார்கள். ஹங்கேரி 37 புள்ளி, சோவியத் 36. தங்கம் ஹங்கேரிக்குப் போனது. இரண்டு வருடம் கழித்து மால்டாவில் இரண்டு நாடுகளும் 39 புள்ளியில் சமமாக நின்றன. சமன் முறிக்கும் கணக்கில்தான் சோவியத் முந்தியது.

தனியாக மலையேறும்போது அவரைத் தடுத்த குணம், நான்கு பேர் சேர்ந்து ஏறும்போது மற்ற மூவரும் பிடித்துக்கொள்ளும் கயிறாக இருந்தது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். வெற்றி தோல்வியைத் தனி ஆளாக மட்டும் எண்ணிப் பழகிய நமக்கு இது எளிதில் கணக்கில் வராது. ஒரு மனிதரின் அளவை எந்த மேசையில் வைத்து எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து அவர் வேறு ஆளாகத் தெரிகிறார். அவருடைய நாடு அவரைச் சரியான மேசையில் வைத்து அளந்திருக்கிறது. 2004 இல் 'தேசத்தின் விளையாட்டு வீரர்' என்ற ஹங்கேரியின் மிக உயர்ந்த விளையாட்டுப் பட்டத்தை அவருக்குக் கொடுத்தது.

அவர் நன்றாகப் பாடுவார் என்பதையும் சொல்ல வேண்டும். கனத்த கீழ்க்குரல். ஓபரா பாடல்களை முறையாகக் கற்று மேடையிலும் பாடியவர். தினமும் பலகை முன் உட்காரும் ஒருவர் குரல் பயிற்சிக்கும் நேரம் ஒதுக்குகிறார். அங்கே அவரைத் தோற்கடிக்க எதிரே யாரும் இல்லை. அந்த மேடையில் அவர் எப்படி நின்றிருப்பார் என்று பார்க்க எனக்கு மிகுந்த ஆசை.

2000 இல் இஸ்தான்புல் ஒலிம்பியாடிலும் அவர் ஆடினார். வயது 63. 1956 இல் மாஸ்கோவில் 19 வயதுப் பையனாகத் தொடங்கியது. இருபது ஒலிம்பியாடுகள், 260 ஆட்டங்கள். அதுவரை வேறு எவரும் ஒலிம்பியாடில் அத்தனை ஆட்டங்கள் ஆடியதில்லை.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அப்பாவுக்கு நிக்‌ஷிச் ஆட்டத்தை வைத்துக் காட்டினேன். கண் மங்கிவிட்டது, ஒவ்வொரு காயையும் தொட்டுப் பார்த்துத்தான் நிலையைப் புரிந்துகொள்கிறார். ராஜா வெளியே இழுக்கப்பட்டபோது உச்சுக்கொட்டினார். முடிந்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

"தோத்தவர் அப்புறம் என்ன பண்ணார்?"

"இதுக்கு அப்புறமும் பதினேழு வருஷம் நாட்டுக்காக ஆடினார்ப்பா."

அப்பா தலையசைத்துவிட்டு, கறுப்புக் காய்களைத் தடவித் தடவி எடுத்துத் தன் பக்கம் அடுக்க ஆரம்பித்தார்.