ஜெபமும் இரக்கமும்: ரெய்னி மருத்துவமனை

கிறிஸ்தவ வாழ்வில் அன்றாட ஜெபத்தையும் பிறர்மீது காட்டும் இரக்கத்தையும் பிரித்து வைக்க முடியாது. அறைக் கதவைப் பூட்டி ஜெபிக்கச் சொல்லும் மத்தேயு 6-ஆம் அதிகாரம், தருமத்தையும் மறைவிலேயே செய்யச் சொல்கிறது. 25-ஆம் அதிகாரம் இன்னும் கறாரானது: நோயாளியை விசாரிக்காமல் போனதைக் கிறிஸ்து தம்மையே விசாரிக்காமல் போனதாகக் கணக்கில் எடுக்கிறார். யாக்கோபின் நிருபமோ பசித்தவனை வெறும் வாழ்த்தோடு அனுப்புகிறவர்களைக் கிட்டத்தட்டக் கேலியே செய்கிறது.

வடசென்னையில் இதற்குச் சான்று ரெய்னி மருத்துவமனை. ஸ்காட்லாந்து மிஷன் அனுப்பிய மருத்துவர் மாட்டில்டா மெக்ஃபெயில் 1888-இல் ராயபுரத்தில் பெண்களுக்காகத் தொடங்கிய மருந்தகமே அதன் விதை. ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்டப் பெண்கள் கூசிய காலம் அது. பெண் மருத்துவர் இருந்ததே பேருதவி. 1914-இல் பெரிய கட்டடம் எழுந்தது. அதற்குக் கிறிஸ்டினா ரெய்னி என்பவரின் பெயர் சூட்டப்பட்டது.

காலை ஜெபத்தோடு நாளைத் தொடங்குவது மிஷன் மருத்துவமனைகளின் பழைய வழக்கம். அந்த ஜெபத்தின் பலன் தெரியுமிடம் பிற்பகல் வெளிநோயாளி வரிசைதான். களைத்துப்போன செவிலியர், காசிமேட்டிலிருந்து வந்த மீனவப் பெண்ணிடம் எந்தக் குரலில் பேசுகிறார் என்பதில் அது வெளிப்பட்டுவிடும். மருத்துவமனை இன்று தென்னிந்தியத் திருச்சபையின் பொறுப்பில் இயங்குகிறது.