நாணயத்திலும் நாணயம் வேண்டும்

காசுக்கும் நாணயம் என்று பெயர். சொல் தவறாத குணத்துக்கும் நாணயம் என்றே பெயர். இந்த இரண்டும் ஒன்றாக நிற்கின்றனவா, பிரிந்து போகின்றனவா என்பது பழங்காசு கைமாறும் இடத்தில் தெரிந்துவிடும்.

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து வீடுகளில் பாட்டிமார் முடிந்து வைத்த வெள்ளி ரூபாய் இன்றும் சில பெட்டிகளில் கிடக்கிறது. பி.ஏ.சி. இராமசாமி ராஜா 1936-இல் இராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய காலத்தில் நாட்டில் புழங்கிய ரூபாய் அது. எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1940-இல் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள். 1947-இல் வந்த ரூபாயில் வெள்ளியே இல்லை, அது நிக்கல்.

ஆகவே அந்தப் பழைய காசுக்கு மூன்று விலை உண்டு. மேலே பொறித்த விலை ஒரு ரூபாய். உருக்கினால் வரும் வெள்ளியின் விலை அதைப் போல் பல நூறு மடங்கு. மூன்றாவது, சேகரிப்பவர் தரும் விலை. 1938 ரூபாயும் 1939 ரூபாயும் எடையிலும் வெள்ளியிலும் ஒன்றே. ஆனால் 1939 ரூபாய் அரிது. அதன் விலை பல மடங்கு. புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் அந்த மூன்றாம் விலை இறங்கிவிடும்.

இப்போது கேள்வி இதுதான். பேரன் படிப்புக்குப் பணம் கட்ட ஒரு தாயார் அந்த 1939 ரூபாயை விற்க வருகிறார். அவருக்கு வெள்ளி விலை மட்டுமே தெரியும். வாங்குகிறவருக்கு மூன்றும் தெரியும். வெள்ளி விலையை எண்ணிக் கொடுத்து வாங்கிக்கொண்டால் அது தர்மமா?

“நான் வருஷக்கணக்கில் கற்ற அறிவுக்குக் கூலி வேண்டாமா?” என்பார் அவர். வேண்டும். கடை வாடகையும் உண்டு, விற்காமல் தங்கும் காசும் உண்டு. நியாயமான லாபத்தை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் கற்றதற்குக் கூலி வேறு, அடுத்தவர் அறியாமைக்கு வைத்த வரி வேறு. தராசு முள் இருவர் கண்ணுக்கும் தெரியும். அந்த ஆண்டின் அருமை ஒருவருக்கே தெரியும். உண்மையைச் சொன்னால் முறிந்துவிடும் வியாபாரம் என்றால், அது முன்பே கெட்ட வியாபாரம்.

விற்பவருக்கும் ஒரு சொல். பழங்காசு எல்லாம் லட்சம் தரும் என்று ஆசை காட்டி, முன்பணம் பறிக்கிறவர்கள் உண்டு. தன் பெயரைச் சொல்லிக் கட்டணமும் கமிஷனும் கேட்போரை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. அங்கே அறியாமையோடு ஆசையும் சேர்ந்து விலை போகிறது.

காணிக்கை வேண்டாத அய்யாவின் பதியில் நம் எதிரே இருப்பது கண்ணாடி. தங்கத்தின் மாற்றை உரைகல் சொல்லும். வாங்கியவன் மாற்றை அந்தக் கண்ணாடி சொல்லும். அதன் முன் கூசாமல் நிற்க முடிகிற விலையே சரியான விலை.

அய்யா உண்டு.