கறுப்பாகப் போனால் கழுவி வை

கரிம வேதியியல் என்றாலே உனக்கு வயிற்றைக் கலக்குகிறதா? ஆய்வகத்தில் பக்கத்து மேசைக் குழாயில் வெள்ளி மின்ன, உன் குழாயில் மட்டும் கறுப்புச் சேறு படிந்ததா? 'நமக்கு இது வராது' என்று புத்தகத்தை மூடிவிட்டாயா? திற அதை!

ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் 1803-இல் பிறந்த ஒரு பையன் பள்ளிப் பாடத்தில் பின்தங்கியிருந்தான். என்னவாகப் போகிறாய் என்று தலைமையாசிரியர் கேட்டார். வேதியியலாளன் ஆவேன் என்றான். வகுப்பே சிரித்தது, கேட்டவரும் சேர்ந்து சிரித்தார். அந்தப் பையன்தான் லீபிக். 21 வயதில் கீசனில் பேராசிரியர். ஹைட்ரஜன் நீங்கிய ஆல்கஹால் என்னும் லத்தீன் தொடரைச் சுருக்கி, 1835-இல் 'ஆல்டிஹைடு' என்று பெயர் வைத்தவர் அவரே. அது வெள்ளி உப்பை ஒடுக்கி, குழாயின் சுவரில் ஆடியாகப் படிய வைப்பதைக் கண்டு எழுதியவரும் அவரே. உன்னை மிரட்டும் பாடத்தின் தலைப்பே வகுப்பு சிரித்த ஒரு பையன் வைத்த பெயர்!

மனப்பாடத்தை விடு, காரணத்தைப் பிடி. ஆல்டிஹைடில் கார்பனைல் கார்பனோடு ஒரு ஹைட்ரஜன் ஒட்டியிருக்கிறது. கீட்டோனில் அது இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்! அந்த ஹைட்ரஜன் இருப்பதால் ஆல்டிஹைடு சுலபமாக ஆக்சிஜனேற்றம் அடைகிறது. எதிரில் இருக்கும் வெள்ளி அயனியை உலோக வெள்ளியாக்கிவிடுகிறது. பெலிங் கரைசலின் நீலத்தைச் செங்கல் சிவப்பாக்குவதும் இதே குணம்தான்.

பென்சால்டிஹைடைப் பார். கசப்பு வாதுமையின் மணம் அதனுடையது. பெலிங் கரைசலில் அதைச் சூடாக்கு, நீலம் நீலமாகவே நிற்கும். அதனால் அது ஆல்டிஹைடு இல்லையென்று ஆகிவிடுமா? வெள்ளி நைட்ரேட்டும் அம்மோனியாவும் சேர்ந்த டாலன்ஸ் கரைசலில் விடு, வெள்ளியாய் ஜொலிக்கும்! ஒரே ஒரு சோதனையை நம்பி ஒரு சேர்மத்துக்கே தீர்ப்பு எழுத முடியாதபோது, ஒரு மாதத் தேர்வை வைத்து நீ உனக்குத் தீர்ப்பு எழுதுவதா?

கறுப்புச் சேறு உன் தலைவிதி இல்லை. குழாயில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்திருக்கும். அவசரப்பட்டு நேரே தீயில் காட்டியிருப்பாய், குலுக்கியிருப்பாய். என் முதல் குழாயும் கறுத்தது. பிசுக்குதான் காரணம் என்று பிடிபட்ட அன்று எனக்குப் பயம் போயிற்று.

வா, மறுபடி செய்வோம். குழாயைச் சோடியம் ஹைட்ராக்சைடால் அலசி, வாலை வடிநீரில் கழுவு. பீக்கரில் வெந்நீர் தயாராக இருக்கட்டும், குழாயை அதில்தான் வைக்கப் போகிறாய். மீந்த டாலன்ஸ் கரைசலைச் சேமித்து வைக்காதே; நாள்பட்டால் வெடிக்கும். வேலை முடிந்ததும் நீர்த்த நைட்ரிக் அமிலம் விட்டு அப்புறப்படுத்து. இப்போது வெள்ளி நைட்ரேட்டில் ஒரு சொட்டு காரம் விடு. பழுப்பாக வீழ்படிவு இறங்குகிறதா? பயப்படாதே, அது இறங்கத்தான் வேண்டும். அம்மோனியாவை எடு. பழுப்பு கரையும் வரைக்கும் சொட்டுச் சொட்டாக, கை நடுங்காமல்.