மணியோசையும் மௌனமும்





நம் விகாரையில் மணியொன்று தொங்கவிடல் வேண்டுமெனச் சிலரும், கூடாதெனச் சிலரும் கூறி வருகின்றனர். "கோயில் மணியை விட்டு வந்தோம், மாதாகோயில் மணியையும் நாடினோமில்லை, இனி நமக்கேன் மணி?" என்பது ஒரு சாராரின் வினா. "ஓசையில்லாவிடில் மக்கள் எங்ஙனம் கூடுவர்?" என்பது மற்றவரின் வினா. இரண்டும் நேர்மையான வினாக்களே. இவ்வுபோசத நாளில் அவற்றைச் சிந்திப்போம்.

மணியடிப்பதைத் தனிக்கலையாகவே வளர்த்த நாடு இங்கிலாந்து. அந்நாட்டுத் தேவாலயக் கோபுரங்களில் ஐந்து, ஆறு, எட்டு என மணிகள் தொங்கும். ஒவ்வொரு மணிக்கும் ஒரு கயிறு. ஒவ்வொரு கயிற்றுக்கும் ஓர் ஆள். அவர்கள் பாட்டொன்றையும் இசைப்பதில்லை. மணிகள் ஒலிக்கும் வரிசையையே மாற்றி மாற்றி அடிக்கின்றனர். ஆறு மணிகளுக்கு 720 வரிசைகள். ஏழு மணிகளுக்கு 5,040. இவ்வேழுமணி வரிசைகள் அனைத்தையும் அடித்து முடிக்க ஏறத்தாழ மூன்று மணி நேரம் வேண்டும். ஏட்டைப் பார்த்தல் இல்லை. மனத்தில் இருத்தியே அடிப்பர். தன் கயிற்றையே கருதியிருப்பவன் அங்குப் பயன்படான். பிறர் மணிக்குச் செவிகொடுத்துத் தன் முறை வரும்வரை பொறுத்திருப்பவனே பயன்படுவான்.

அவ்வோசையைக் கேட்டற்கு ஏற்ற இடம் கோபுரத்தின் அடியன்று. வயல்களினூடே செல்லும் கால்வாய். நிலக்கரியும் களிமண்ணும் பிற சரக்குகளும் ஏற்றுதற்கென்று பதினெட்டாம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட கால்வாய்கள் பல அங்குண்டு. அவற்றில் செல்லும் 'நேரோ போட்' என்னும் ஒடுங்கிய படகின் அகலம் ஏழடி. நீளம் எழுபதடி வரை இருக்கும். முற்காலத்தில் கரைமேல் நடக்கும் ஒரு குதிரையே அதனை இழுத்தது. இன்றோ சரக்கேற்றிச் செல்வோர் அரியர்; ஓய்வை நாடுவோரும் படகையே இல்லமாகக் கொண்டோருமே மிகுதி. ஓரூரின் மணியோசை நீர்மேல் தவழ்ந்து வந்து, படகு நகர நகரத் தேய்ந்து, பின்னர் ஓசையற்ற வெளி பரவும். அவ்வமைதி உள்ளத்தை ஆற்றுகிறதென அதில் செல்வோர் கூறுவர்.

ஆயினும், அன்பர்களே, அமைதியெல்லாம் ஒரு தன்மையதன்று. அக்கால்வாய்களின் வரலாற்றிலேயே இருவேறு அமைதிகளைக் காண்கிறோம்.

முதலாவது, அச்சத்தின் அமைதி. எல். டி. சி. ரோல்ட் என்னும் பொறியாளர் 1939-ஆம் ஆண்டு 'கிரெஸ்ஸி' என்ற படகில் குடிபுகுந்து, கால்வாய்ப் பயணத்தைப் பற்றி 1944-இல் ஒரு நூல் வெளியிட்டார். 1941 முதல் 1946 வரை டார்டெபிக் என்னுமிடத்தில், படகை மேட்டுக்கு ஏற்றும் 30 மதகுகளின் தலைப்பில் அவர் படகு நின்றது. அருகில் மேட்டின்மேல் கூரிய கோபுரமுடைய தேவாலயம் உண்டு. எனினும் நாடெங்கும் மணிகள் ஊமையாயிருந்த காலம் அது. பகைவர் படை வானினின்று இறங்கினால் மட்டுமே மணியடிக்கலாமென 1940 ஜூன் திங்களில் அரசு ஆணையிட்டிருந்தது. எல் அலமெய்ன் வெற்றிக்காக 1942 நவம்பர் 15-இல் மணிகள் ஒலித்தன. 1943-இல் தடை நீங்கிற்று. இடைப்பட்ட நாட்களில் வயல்வெளி அமைதியாகத்தான் இருந்தது. ஆனால் "மணி ஒலித்தால் பகைவன் வந்தான்" என்று அஞ்சியிருப்போர்க்கு அவ்வமைதியால் வரும் ஆறுதல் யாது?

இரண்டாவது, வாயடைக்கப்பட்டோரின் அமைதி. புகைவண்டியின் போட்டியால் கூலி குறைந்தபோது, படகோட்டிகள் பலர் கரையில் வீடு வைக்க இயலாது மனைவி மக்களைப் படகிலேயே ஏற்றிக் கொண்டனர். பத்தடி நீளமும் ஏழடி அகலமுங்கொண்ட சிற்றறையே முழுக் குடும்பத்திற்கும் வீடு. படகு ஓரூரில் நில்லாமையால் குழந்தைகளுக்குப் பள்ளியில்லை. கரையிலுள்ளோர் அவர்களை இழிவாக நோக்கினர். ஞாயிறுதோறும் மணி அவர்கள் செவியிலும் விழுந்தது. ஆனால் அவர்கள் சொல் எவர் செவியிலும் விழவில்லை. சிறுவயதில் செங்கற்சூளையில் உழைத்த ஜார்ஜ் ஸ்மித் என்பவர் அவர்களுக்காக வாய்திறந்தார். அதன் பயனாக 1877-இல் கால்வாய்ப் படகுச் சட்டம் பிறந்தது. 1884-இல் அது திருத்தவும் பெற்றது. அமைதியைக் குலைக்க ஒருவர் துணிந்ததனாலன்றோ குழந்தைகளுக்கு நன்மை விளைந்தது!

நம் முன்னோர் பல தலைமுறை காத்த அமைதியும் இத்தகையதே. அதனைப் பொறுமையென்று பிறர் புகழ்ந்தனர். அது பொறுமையன்று, வாயடைப்பு. அதனைத் திறக்கவே பண்டிதர் அயோத்திதாசர் 1898-இல் சாக்கிய பௌத்த சங்கங் கண்டார்; 1907-இல் இதழும் நடத்தினார். அண்ணல் அம்பேத்கர் 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் லட்சக்கணக்கானோருடன் வாய்விட்டுச் சரணங் கூறியதும் அதற்கேயாம்.

அங்ஙனமாயின் பகவான் போற்றிய மௌனம் யாது?

தந்தையைக் கொன்று அரசேறிய அஜாதசத்துரு, ஒரு முழுமதி இரவில் ஜீவகனின் மாந்தோப்பிற்குச் சென்றான். 1,250 பிக்குகள் அங்கிருப்பதாக ஜீவகன் கூறியிருந்தான். தோப்பை நெருங்கியும் ஓர் இருமல், ஒரு தும்மல் கேட்கவில்லை. மன்னனுக்கு மயிர் சிலிர்த்தது. "என்னைப் பகைவரிடம் காட்டிக் கொடுக்கிறாயோ?" என்று கலங்கினான். உள்ளே சென்று, தெளிந்த ஏரிபோல் அமர்ந்திருந்த சங்கத்தைக் கண்டபின், தன் மகனுக்கும் இத்தகைய அமைதி வாய்க்க வேண்டுமென விரும்பினான். அமைதி ஒன்றே; குற்றமுள்ள நெஞ்சு அதில் பகைவரைக் கண்டது, தெளியத் தொடங்கிய நெஞ்சு தன் மகனுக்கு வேண்டிய செல்வத்தைக் கண்டது.

நெசவாலையில் தறிகளிடையே பல்லாண்டு நின்றவன் யான். ஆலைச்சங்கு ஊதி வெளிவந்த பின்னரும் செவிக்குள் தறி ஓடிக்கொண்டேயிருக்கும். சினமும் பொறாமையும் அத்தன்மையனவே. வெளியோசை நின்றதும் உள்ளோசை நின்றுவிடாது. அதை நிறுத்துதற்குச் சீலமும் தியானமுமே வழி.

சுடுசொல் கேட்டும் மறுசொல் எழாதவனை, அடித்தாலும் ஒலியாத உடைந்த மணிக்குப் பகவான் ஒப்பிட்டார். இதைக் காட்டி, "அநீதிக்கும் வாய்மூடுக" என்பாருளர். அது பிழை. பகவான் அடக்கச் சொன்னது சினத்தை, உண்மையையன்று. கூடியிருக்குங்கால் தம்மத்தைப் பேசுக, அன்றேல் உயர்ந்த மௌனத்தைக் காக்க என இரண்டையுமே அவர் பணித்தார். உன் பிள்ளை பள்ளியில் இழிவுறும்போது பேசுதல் தம்மம். அண்டை வீட்டானைப் பற்றிப் புறங்கூற நா எழும்போது அடங்குதலும் தம்மம். எது எந்த நேரத்திற்கு உரியதென்று அறிதலே நம் பயிற்சி.

ஆகவே மணி இருக்கட்டும். அதன் ஓசையில் புண்ணியமில்லை; அது தெய்வத்தை எழுப்புவதுமில்லை; நேரத்தை அறிவித்து நம்மைக் கூட்டுவது மட்டுமே அதன் தொழில். எவர் அடிப்பது என்னும் பூசல் வேண்டா. ஆடவரும் பெண்டிரும் முறைவைத்து அடிக்கலாம். மும்முறை அடித்து, கடைசி ரீங்காரம் தேயும்வரை கேட்போம். பின்னர்ச் சிறிதுபோது கண்மூடி அமர்ந்து, அச்சம் உளதா, சினம் உளதா என நம்மை நாமே வினவுவோம். அதன்பின் வாய்திறந்து திரிசரணமும் பஞ்சசீலமும் உரக்கக் கூறுவோம். வாயடைப்பு நீங்கிய மக்கள் நாம். உயர்ந்த மௌனத்தை நாமே விரும்பிக் கைக்கொள்ளும் உரிமையும் இன்று நமக்குண்டு.

எல்லா உயிர்களும் அச்சம் நீங்கி நலமுற வாழ்க! சர்வ மங்களம்.