சர்வர் போனால் படமும் போச்சா?

வீட்டில் படங்களைச் சேர்த்துவைத்த பழைய சர்வர் ஒருநாள் உயிரை விடும். பல நேரம் போவது பவர் சப்ளைதான். ஹார்டு டிஸ்க் பிழைத்திருக்கும். 2007-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட விண்டோஸ் ஹோம் சர்வரில் ஒரு நல்ல குணம்: டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலே அதிலுள்ள கோப்புகளைப் படிக்கலாம். பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைக்கும் ரெய்டு 5 முறை அப்படியல்ல. ஒரே படம் பல டிஸ்க்குகளில் துண்டு துண்டாகக் கிடக்கும். கழற்றும் முன்பே எது எந்த இடத்தில் இருந்தது என்று மார்க்கரால் எண் எழுதிவிடுங்கள். சர்வர் லினக்ஸில் ஓடியிருந்தால், அதன் டிஸ்க்கைக் கண்டு விண்டோஸ் ‘ஃபார்மேட் செய்யவா?’ என்று கேட்கலாம். தப்பித்தவறியும் தலையாட்டிவிடாதீர்கள்! சினிமா எப்படியும் திரும்பக் கிடைக்கும். காதுகுத்து வீடியோவை முதலில் நகலெடுங்கள்.