யார் தோளுக்கு மாறுகிறது அந்தச் சுமை?

டோக்கியோவின் உவேனோ ரயில் நிலையத்தில் 1950களிலும் 60களிலும் எடுத்த குளிர்காலப் புகைப்படங்களில் முகங்களுக்கு முன்னால் கண்ணில் படுபவை, தலைகளுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பனிச்சறுக்குப் பலகைகள். வாரக்கடைசி வேலையை முடித்த கையோடு இரவு ரயிலைப் பிடித்து, விடியும் நேரத்தில் ஏதாவது ஒரு பனிமலை அடிவாரத்தில் இறங்கி, பகல் முழுக்கச் சறுக்கிவிட்டுத் திரும்பியவர்கள் அவர்கள். உட்கார இடம் கிடைக்காவிட்டாலும் பலகையைச் சாய்த்து வைக்க ஒரு மூலை கிடைத்தால் போதும். பெரும்பாலும் இளவட்டங்கள். அந்த வயதில் சுமப்பதும் கொண்டாட்டத்தில் சேர்த்தி.

குழந்தை குட்டிகளோடு கிளம்பும்போது கணக்கு மாறிவிடுகிறது. பெரியவர் ஒருவரின் பலகை ஏறக்குறைய ஆள் உயரம். கால் பொருத்தும் பிடிகளோடு ஒரு ஜோடி 5, 6 கிலோ வரும். கெட்டி பிளாஸ்டிக்கில் செய்த பூட்ஸ் இன்னும் 3, 4 கிலோ. ஊன்றுகோல், தலைக்கவசம், பஞ்சு வைத்த உடுப்பு, கையுறை என்று நாலு பேருக்கு அடுக்கினால் 30 கிலோவைத் தாண்டிவிடும். எடையைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், நீளம்தான் படுத்தும். படிக்கட்டுத் திருப்பத்தில் திரும்பாது, ரயில் கதவில் இடிக்கும், முன்னால் போகிறவர் முதுகில் தட்டும். இதற்கிடையே சின்னவனின் ஒற்றைக் கையுறை எங்கோ விழுந்திருக்கும். அதைத் தேடப் போக யாருக்கும் கை காலியாக இருக்காது.

குடும்பச் சுற்றுலாவில் சுமப்பவர் என்று எழுதப்படாத பதவி ஒன்று உண்டு. அப்பாவோ அம்மாவோ, யாரோ ஒருவர் முதல் முறை அதை ஏற்றுக்கொள்கிறார். அதன் பிறகு அது அவருக்கே நிலைத்துவிடுகிறது. மற்றவர்கள் ஜன்னலுக்கு வெளியே முதல் பனியைப் பார்த்துக் கூவும்போது அவர் பைகளை எண்ணிக்கொண்டிருப்பார். மாலையில் எல்லோரும் வெந்நீர் ஊற்றில் இறங்கும்போது ஈரப் பலகைகளைத் துடைத்துக்கொண்டிருப்பார். அவர் முகம் சுளித்தால் "சுற்றுலா வந்த இடத்தில் ஏன் இந்த எரிச்சல்?" என்று கேட்கவும் ஆள் உண்டு.

சுமையைத் தவிர்க்க வழி இல்லாமல் இல்லை. காரின் கூரையில் கட்டிக்கொண்டு போகலாம். ஆனால் டோக்கியோவில் ஓடும் கார்கள் பலவற்றுக்குப் பனிச்சாலையில் ஓட்டுவதற்கான டயர் இருக்காது. அதையும் மாட்டியாக வேண்டும், விடியற்காலைப் பனியில் ஓட்டவும் வேண்டும். வெறுங்கையோடு போய் அங்கேயே வாடகைக்கு எடுப்பது இன்னொரு வழி. 1990 டிசம்பரில் திறந்த காலா யுசாவா அப்படிப்பட்டவர்களுக்காகவே கட்டியது போன்ற இடம். புல்லட் ரயில் நிலையமும் சறுக்குத்தளத்தின் வாடகை மையமும் ஒரே கட்டடத்தில் இணைந்திருக்கும். ரயிலைவிட்டு இறங்கி, பலகையை வாடகைக்கு எடுத்து, அங்கிருந்தே கோண்டோலாவில் ஏறிவிடலாம். அனுபவசாலிகள் மட்டும் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். பலகை யாருடையதாகவும் இருக்கலாம், பூட்ஸ் தன்னுடையதாக இருக்க வேண்டும். காலுக்குச் சரியாகப் பொருந்தாத பூட்ஸ் அரை மணி நேரத்தில் அந்த நாளையே கெடுத்துவிடும்.

பழகிய பலகையை விடவும் மனமில்லை, சுமக்கவும் தெம்பில்லை என்பவர்களுக்கு மூன்றாவது வழி 1983இல் திறந்தது.

அதன் வேர் இன்னும் சற்றுப் பின்னால் இருக்கிறது. 1919இல் தொடங்கிய யமாதோ என்ற லாரி நிறுவனம், 1976 ஜனவரியில் வீட்டுக்கு வீடு பொட்டலம் கொண்டுசேர்க்கும் 'தக்யூபின்' சேவையில் இறங்கியது. முதல் நாள் சேர்ந்தவை வெறும் 11 பொட்டலங்கள். எங்கே, எப்போது, எத்தனை வரும் என்று கணிக்க முடியாத வீட்டுச் சரக்கில் காசு பார்க்க முடியாது என்பதே அன்றைய வணிக ஞானம். தலைவர் ஒகுரா மசாவோ அதற்கு நேர்மாறாகப் பந்தயம் கட்டினார். சேவை முதலில், லாபம் பிறகு என்று ஊழியர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். அவர்களுடைய லாரிகளில் ஒரு தாய்ப்பூனை குட்டியைப் பதமாக வாயில் கவ்விக்கொண்டு போகும் படம் இருக்கும். அந்தச் சின்னம் 1957 முதலே வழக்கத்தில் இருப்பது.

நாகனோ மாகாணம் ஆப்பிளுக்குப் பேர்போனது. ஆப்பிள் அனுப்பும் காலம் ஓய்ந்து குளிர் இறுகினால் சரக்கு குறைந்துவிடும். அந்த நேரத்தில்தான் நகரத்துக்காரர்கள் நீளப் பலகைகளோடு திணறிக்கொண்டு வந்து இறங்குவார்கள். இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டவர்கள் யமாதோவின் நாகனோ கிளை ஊழியர்கள். பலகைகளை விடுதிக்கே கொண்டுசேர்க்கும் 'ஸ்கீ தக்யூபின்' அப்படிப் பிறந்தது. கால் நூற்றாண்டாக எல்லோர் கண்ணெதிரிலும் நடந்துகொண்டிருந்த அவஸ்தையை ஒரு லாரிக் கம்பெனி தீர்த்துவைத்தது. மறு ஆண்டே கோல்ஃப் மட்டைகளுக்கும் இதே ஏற்பாடு வந்தது.

நடைமுறை எளிது. வீட்டுக்கே வந்து எடுத்துப்போவார்கள், பக்கத்துக் கன்வீனியன்ஸ் கடையிலும் கொடுக்கலாம். சறுக்கப் போகும் நாளுக்கு முந்தைய நாளே பலகை விடுதிக்குப் போய்விடும். குடும்பம் டோக்கியோவில் புல்லட் ரயில் ஏறினால் பனிமலை அடிவாரமான எச்சிகோ-யுசாவாவுக்கு ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். தோளில் சின்னப் பை, கையில் குழந்தையின் கை. திரும்பும்போதும் விடுதி வரவேற்பு மேசையில் ஒப்படைத்துவிட்டு நடையைக் கட்டலாம்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. கிளம்புகிற அன்று காலை மூட்டை கட்டும் சுதந்திரம் போய்விடுகிறது. இரண்டு மூன்று நாள் முன்னதாகவே, பிள்ளைக்கு நிஜமாகவே ஜலதோஷம் விட்டதா, மலையில் பனி போதுமான அளவு இருக்கிறதா என்பதெல்லாம் தெரியாத நிலையிலேயே, "போகிறோம்" என்று முடிவு செய்தாக வேண்டும். அதைவிட முக்கியம், மறுநாள் இல்லாமல் முடியாத ஒரு பொருளை முன்பின் தெரியாதவரிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்க வேண்டும். அந்த நம்பிக்கைக்கு இரண்டாவது பருவத்திலேயே சோதனை வந்தது. 1984 டிசம்பர்க் கடைசியில் கடும் பனி கொட்டி லாரிகள் வழியிலேயே சிக்கிக்கொண்டன. ஆட்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள், பலகைகள் வரவில்லை. இயற்கையின் செயல் என்று கைவிரித்திருக்கலாம். நிறுவனமோ, வாடிக்கையாளர்கள் வாடகைக்கு எடுத்த பலகைக்கும் உடைக்கும் ஆன செலவைத் தானே ஏற்றது.

இவ்வளவும் சொன்ன பிறகு உறுத்தும் கேள்வி ஒன்று மிஞ்சுகிறது. அப்பாவின் தோளிலிருந்து இறங்கிய 30 கிலோ காற்றில் கரைந்துவிடவில்லை. பனி கொட்டும் சாலையில் யாரோ ஓட்டுகிறார், யாரோ இறக்குகிறார், விடுதிக் கிடங்கில் யாரோ அடுக்குகிறார். 2017இல் யமாதோ 27 ஆண்டுகளில் முதல் முறையாக அடிப்படைக் கட்டணத்தை உயர்த்தியதற்கு முக்கியக் காரணம், பொட்டலங்கள் பெருகிய வேகத்துக்கு ஆட்கள் ஈடுகொடுக்க முடியாததே. 2024 ஏப்ரல் முதல் லாரி ஓட்டுநர்களின் மிகைநேர வேலை ஆண்டுக்கு 960 மணிக்கு மேல் போகக் கூடாது என்று சட்டம் கட்டுப்படுத்துகிறது. சட்டம் போட்டு நிறுத்தும் வரை அந்தத் தோள்கள் எவ்வளவு தாங்கியிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

ஆகவே எல்லோரும் தங்கள் மூட்டையைத் தாங்களே தூக்க வேண்டும் என்று உபதேசம் செய்யலாமா? அது பாதி நியாயம்தான். வீட்டுக்குள் ஒருவர் தலையில் சத்தமில்லாமல் விழுந்த சுமைக்குக் கூலியும் கிடையாது, நேர வரம்பும் கிடையாது. வெளியே கொடுத்த சுமைக்கு ரசீது இருக்கிறது, கெடு இருக்கிறது, இப்போது மணிக்கணக்கும் இருக்கிறது. பேசாமல் ஏற்றிவைப்பதைவிடப் பேசிக் கூலி கொடுத்து ஒப்படைப்பதே நாணயமான ஏற்பாடு. கூலி ஏறும்போது முணுமுணுப்பது அந்த நாணயத்தில் சேராது.

கட்டணம் ஏறினால் வேறொரு நன்மையும் நடக்கிறது, எதை அனுப்பத்தான் வேண்டும் என்று குடும்பம் உட்கார்ந்து யோசிக்கிறது. ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் கால் வளர்ந்துவிடும் பிள்ளைகளுக்குப் பலகையும் பூட்ஸும் மலையிலேயே வாடகைக்கு எடுத்தால் போதும். பெரியவர்களின் பலகையையும் பூட்ஸையும் மட்டும் அனுப்பலாம். புத்தாண்டு வாரமாக இருந்தால் ஒரு நாள் கூடுதலாக முன்தள்ளிக் கொடுப்பது உத்தமம். சாலையில் பனி கொட்டினால் அந்த ஒரு நாள் ஓட்டுநருக்குத் தேவைப்படும்.